கோயில் மணியும் பள்ளிக்கூட மணியும்

எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்குகிறது. பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் அந்த மரத்தின் கீழே மண்ணில் ஆனா ஆவன்னா எழுதியவர்கள்தான். ரயில் ஓடாத தீவுக்கு ரயில் பாதையின் துண்டு எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடு ஏற்றி வந்த வள்ளத்தில் பாரத்துக்குப் போட்ட இரும்பு என்பார்கள். யாரோ மாதா கோயில் சுவாமியார் கேட்டு வாங்கி வந்தது என்பார்கள். எப்படியோ வந்தது. அதன் ஒரு முனையில் வெடிப்பு இருக்கிறது. அதனால் அதன் சத்தம் கோயில் மணிபோல நீண்டு இழுபடாது. ஒரு பெரிய இரும்பாணியால் அடித்தால், பல்லைக் கூசவைக்கிற மாதிரி ஒரு வெட்டுச் சத்தம் எழும்பி உடனே நின்றுவிடும். நான் படித்த காலத்தில் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு அது எப்போது கேட்கும், எப்போது கேட்காமல் போகும் என்றுதான் எனக்குப் பயம்.

உங்களுக்குப் பெரிய ரீச்சரைத் தெரியாது. அவ எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இருந்த காலத்தில் நீங்கள் தவழ்ந்து திரிந்தவர்கள். அவவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று கனகாலமாக நினைத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவனுக்கு எழுத்து எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடமாக இருந்தது. கோயிலுக்குக் கல்லுச் சுமந்த கைகள்தான் அதற்கும் சுமந்தன. பிறகு அரசாங்கம் நாடு முழுவதும் உதவி பெற்ற பள்ளிக்கூடங்களைக் கையேற்றது. அப்போது எங்கள் ஆட்கள் பாயும் தலையணையுமாகப் போய்ப் பள்ளிக்கூட விறாந்தையில் படுத்துக் கிடந்தார்கள். விட மாட்டோம் என்றார்கள். கடைசியில் விட்டார்கள். பலகையில் பெயர் மாறியது, சம்பளம் கொடுக்கிற கை மாறியது. ஆனால் மனதில் ஒரு காயம் கிடந்தது. அதற்குப் பிறகு எந்த ஆசிரியர் வந்தாலும், ‘இவர் எங்கடை ஆளோ, அவையடை ஆளோ’ என்றுதான் எங்கள் சனம் முதலில் பார்த்தது.

பெரிய ரீச்சர் ‘அவையடை ஆள்’. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வந்தவ, சைவம், நெற்றியில் திருநீறு. அதுமட்டுமில்லை, கடலுக்குப் பயந்தவ. திங்கட்கிழமை காலையில் அக்கரை ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டர் படகில் வரும்போது, படகின் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வருவா. குடை மடியில் கிடக்கும், மழை தலையில் பெய்யும், பிடித்த பலகையை விடமாட்டா. இறங்குதுறையில் நிற்கிற எங்கள் மீன்பிடிகாரருக்கு அது நல்ல விளையாட்டு.

“ரீச்சர், கண்ணைத் திறவுங்கோ, கடல் முடிஞ்சுது!” என்று கத்துவான் உங்கள் மாமன், அதாவது அம்மாவின் அண்ணன்.

“முடிஞ்சதோ? பொய் சொல்லாதையும். இன்னும் ஆடுது.”

“ஆடுறது கடலில்லை ரீச்சர். உங்கடை கால்.”

அவவும் சிரிப்பா. கரையில் கால் வைத்தவுடன் ஆளே மாறிவிடுவா. வெள்ளிக்கிழமை பின்னேரம்வரை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் தங்கி, காலையில் அந்தத் தண்டவாளத்தைத் தானே அடிப்பா. பியோன் இருந்தான். ஆனாலும் அவவே அடிப்பா.

எழுபதுகளின் தொடக்கத்தில்தான் பயம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. அதற்கு முன் எங்களுக்குப் பயம் என்றால் கடலும் பஞ்சமும்தான். இப்போது வந்தது வேறு பயம். பல்கலைக்கழகத்துக்குத் தரப்படுத்தல் வந்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் இன்னும் கூடுதலான புள்ளி எடுக்க வேண்டும், தீவுப் பள்ளிக்கூடத்தில் படித்தால் ஒன்றும் கிடையாது என்று பேப்பர் வாசிக்கிறவர்கள் சங்கக்கடை வாசலில் நின்று சொன்னார்கள். பல்கலைக்கழகம் என்ற கட்டடத்தை நான் கண்டதே இல்லை. இருந்தும் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் கேட்டேன். உங்கள் அக்கா அப்போது ஆறாம் வகுப்புக்குப் போக இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளும் ஒருநாள் என்னைப்போலத் தராசுக்குப் பின்னால் நிற்பாளோ என்று நான் பயந்தேன்.

ஊர்காவற்றுறையில் பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. ஆய்வுகூடம் இருந்தது, விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலோ விஞ்ஞானப் புத்தகத்தைப் பெரிய ரீச்சர் முதல்நாள் தானே படித்து, அடுத்த நாள் பிள்ளைகளுக்குச் சொல்லுவா. முதலில் வசதியான இரண்டு வீட்டுப் பிள்ளைகள் காலைப் படகில் ஏறினார்கள். அடுத்த தவணையில் இன்னும் சிலர். பிறகு பிள்ளையைப் படகில் ஏற்றாத தகப்பனை, பிள்ளையில் அன்பில்லாதவன் மாதிரி ஊர் பார்க்கத் தொடங்கியது.

ஒருநாள் பெரிய ரீச்சர் சங்கக்கடைக்கு வந்தா. சீனி வாங்க வந்தவபோல நின்று, ஆட்கள் போனபின் கேட்டா.

“உம்மடை மகளையும் அனுப்பப் போறீராம், உண்மையோ?”

“ஓம் ரீச்சர். குறை நினையாதையுங்கோ.”

“நான் குறை நினைக்கேல்லை. நீர் ஒருத்தர் கொண்டு போனால் ஒரு பிள்ளைதான் போகுது எண்டு நினைக்கிறீர். அப்பிடியில்லை. கெட்டிக்காரப் பிள்ளை போனால், பக்கத்திலை இருந்து பார்த்துப் படிக்கிற பிள்ளையும் படிக்காது. பிறகு அதின்ரை தகப்பனும் வருவார். கடைசியிலை மிஞ்சுறது படகிலை ஏத்த வழியில்லாத பிள்ளையள். அவையளுக்காக மேல்வகுப்பு வைச்சிருக்கக் கல்விக் கந்தோர் விடாது. பூட்டிப் போடும். இந்தத் தீவிலை அதுக்குப் பிறகு படிக்கிறதெண்டால் கடல் தாண்டித்தான்.”

அவ சொன்னது எனக்கு விளங்கியது. விளங்காமல் இல்லை. ஆனால் உங்களுக்கும் ஒருநாள் பிள்ளைகள் வருவார்கள், அப்போது தெரியும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்காகவும் படுகிற பயம் ஒரு பக்கம், தன் பிள்ளைக்காகப் படுகிற பயம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்தால், எந்தத் தட்டுத் தாழும் என்று யாரும் நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை.

“ரீச்சருக்குத் தன்ரை கதிரை போயிடும் எண்டு பயம்,” என்றான் உங்கள் மாமன். ஊர் அதை நம்பியது. தைமாதம் உங்கள் அக்கா படகில் ஏறினாள்.

பள்ளிக்கூடமும் சங்கக்கடையும் இறங்குதுறையும் எங்கள் தீவின் கிழக்குப் பக்கம், அடுத்தடுத்து. காலைப் படகு புறப்படும்போது பெரிய ரீச்சர் பள்ளிக்கூடப் படலை வாசலில் வந்து நிற்பா. படகு கடலில் நட்டிருக்கிற கம்புகளுக்கு இடையால் வளைந்து வளைந்து ஆழமான பாதையில் போய்ச் சிறுக்கும்வரை நின்று பார்ப்பா. தன்னை விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறா என்று உங்கள் அம்மா சொல்லுவா. கடலைப் பார்க்கவே கண்ணை மூடுகிற மனுசி ஒவ்வொரு காலையும் அப்படி நின்றது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடையைத் திறப்பேன்.

வாடைக்காற்றுத் தொடங்கியது. கார்த்திகை மாதம். அன்று மத்தியானம்வரை வெயில் எறித்தது. பின்னேரம் பிள்ளைகளின் படகு ஊர்காவற்றுறையிலிருந்து வெளிக்கிட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம், வடகிழக்கில் வானம் கறுத்து, அந்தக் கறுப்பு அப்படியே கடலில் இறங்கியது. மழை என்று சொல்ல முடியாது. ஒரு சுவர். கடலில் நட்ட கம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இறங்குதுறை மறைந்தது. கடை வாசலில் நின்ற எனக்கு எதிரே இருந்த பூவரச மரமே மறைந்தது. கூரைத் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. என்ன கத்தினேன் என்றும் தெரியாது. உங்கள் அக்காவுடைய பெயராக இருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் ஆட்கள் நிற்கும்போது இருட்டினாலோ மழை மூடினாலோ கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். எங்கள் அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரைக்கு வந்தவர்கள். கோயில் தீவின் தெற்குப் பக்கம். அதன் முன்னால் கடலடியில் கல் நிறைந்த மேடு ஒன்று, பார் என்போம், இருக்கிறது. மீன்பிடி வள்ளம் இலேசானது, அந்தக் கல்லுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வந்து மணலில் ஏறிவிடும். அதனால் அன்றைக்கும் எல்லாரும் ஒன்றும் யோசிக்காமல் கோயிலுக்கு ஓடினோம். தாய்மார் பீடத்துக்கு முன்னால் விழுந்து மாதாவைக் கூப்பிட்டார்கள். உங்கள் மாமன் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கித் தொங்கி இழுத்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் படகில். உங்கள் அம்மா என் சட்டையைப் பிடித்திருந்தா. அவ பேசியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

அப்போது பெரிய ரீச்சர் உள்ளே ஓடி வந்தா. எங்கள் கோயிலுக்குள் அவ கால் வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பில்லை, குடையில்லை, சேலை முழங்காலோடு ஒட்டியிருந்தது. வந்தவ நேரே மணிக்கயிற்றடிக்குப் போனா.

“மணியை நிப்பாட்டும்! நிப்பாட்டும் அண்ணை!”

உங்கள் மாமன் திகைத்துப் போனான். ஆனால் கை நிற்கவில்லை. ஒரு தாய் எழும்பி வந்தா. மழைநீரா கண்ணீரா தெரியாத முகம்.

“பள்ளிக்கூடத்தைத்தான் எடுத்தியள். இப்ப கோயில் மணியையும் நிப்பாட்ட வந்தியளோ? உங்களை விட்டுப் போன பிள்ளையள் எண்ட கோவமோ?”

கோயில் முழுவதும் அதைக் கேட்டது. யாரும் அந்தத் தாயைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பெரிய ரீச்சர் அந்தத் தாயைப் பார்க்கவில்லை, உங்கள் மாமனைத்தான் பார்த்தா.

“வள்ளம் இல்லை அண்ணை, மோட்டர்! பிள்ளையள் வாறது மோட்டரிலை! உந்தச் சத்தத்துக்கு வந்தால் நேரை கல்லிலைதான் ஏறும். நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு நிண்டனான், அது எந்தப் பக்கத்தாலை போகுது எண்டு. பள்ளிக்கூட மணி அடிபடுது. ரெண்டும் கேட்டால் ஓட்டி எதுக்கெண்டு வருவான்?”

உங்கள் மாமனின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் பிறந்து வளர்ந்தவன். மோட்டர் படகின் அடி எவ்வளவு ஆழம், பாரில் எவ்வளவு தண்ணீர் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் பயம் வந்தபோது அவனுடைய கை தகப்பனின் கை செய்ததைச் செய்தது. அவ்வளவுதான். அவன் கயிற்றை விட்டான். மணி தானாக இரண்டு தரம் ஆடி அடித்து நின்றது.

பிள்ளைகளே, அந்த அமைதியை நான் எப்படி எழுதுவேன்? மணி அடித்துக்கொண்டிருந்தபோது எதையோ செய்துகொண்டிருக்கிறோம் என்று இருந்தது. அது நின்றதும், பிள்ளைகளின் கையை நாங்களே விட்டுவிட்டதுபோல இருந்தது. அந்த மனுசி பிழையாகச் சொல்லியிருந்தால்? தலைமுறை தலைமுறையாக அடித்த மணியை, கடலுக்குப் பயந்த ஒருத்தியின் சொல்லைக் கேட்டு நிறுத்திவிட்டோமே. அப்போதுதான் மழைக்குள்ளால், மெல்லியதாக, அந்த வெட்டுச் சத்தம் கேட்டது. பியோன் தண்டவாளத்தை அடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். பெரிய ரீச்சர் பியோனிடமிருந்து ஆணியை வாங்கித் தானே அடித்தா. கை மாற்றக் கேட்டோம், கொடுக்கவில்லை. உங்கள் மாமன் இறங்குதுறைக் கல்லில் போய் நின்று, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, கையை வாயில் வைத்துக் கூவினான். கடல் ஒன்றையும் திருப்பிச் சொல்லவில்லை. சிலர் அவவைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. படகு வராவிட்டால் அவவை என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்க விரும்பவில்லை. அவவுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் அடித்தா.

பிறகு மோட்டரின் சத்தம் கேட்டது. முதலில் அது மழை என்று நினைத்தோம். ஒரு கம்பு தெரிந்தது, கம்புக்குப் பக்கத்தில் படகின் மூக்குத் தெரிந்தது.

உங்கள் அக்கா பற்கள் அடிக்க அடிக்கச் சொன்னாள். இரண்டு சத்தம் இரண்டு பக்கத்தில் கேட்டதாம். ஓட்டி எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, எது எது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். படகு காற்றில் தெற்கே இழுபட்டதாம். பெரிய சத்தம் நின்றுபோனதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்களாம், “அது எங்கடை பள்ளிக்கூட மணி!” என்று. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளைகள் அதை ‘எங்கடை’ என்றார்கள். அதைப் பெரிய ரீச்சரும் கேட்டுக்கொண்டு நின்றா. ஆணியைக் கீழே போட்டுவிட்டு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தா. பிறகு எங்களைப் பார்த்து, “கொண்டு போய்த் தலையைத் துடைச்சு விடுங்கோ, நிண்டு பார்க்கிறியள்,” என்று ஏசினா.

அடுத்த நாள் காலையில் படகில் ஒரு பிள்ளையும் ஏறவில்லை. எல்லாத் தகப்பன்மாரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய ரீச்சரின் அறை வாசலில் நின்றோம். ஊரே அவவுக்கு வெற்றி என்று நினைத்தது. அவவுக்குச் சந்தோசம் வரவில்லை.

“பயத்திலைதான் கொண்டு போனியள். இப்ப பயத்திலை கொண்டு வாறியள். தையிலை கடல் ஆறும். அப்ப என்ன செய்வியள்?”

அப்படிக் கேட்டாலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டா.

அவ சொன்னபடியே நடந்தது. தைமாதம் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. ஒரு பிள்ளை போனது, இன்னொன்று போனது. உங்கள் அக்காவை என்ன செய்வது என்று பெரிய ரீச்சரிடம் கேட்கப் போனேன். “அனுப்பும்,” என்றா. “விஞ்ஞானத்துக்கு ஆளைத் தாங்கோ எண்டு கேட்டுக் கேட்டு எனக்கு ஏலாமல் போச்சு. இல்லாததை வைச்சுக்கொண்டு அந்தப் பிள்ளையை நான் மறிக்க ஏலாது.”

கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து கூட்டம் வைத்தார். மேல்வகுப்புகளைப் பூட்டுவது என்று முடிவாகிவிட்டதாம். “பெற்றோர்தான் விரும்பி வேறை பள்ளிக்கூடம் அனுப்புகினம். நாங்கள் ஒருத்தரையும் பிடிச்சு வைக்க ஏலாதுதானே,” என்றார்.

“விருப்பம் எண்டு சொல்லாதையுங்கோ ஐயா,” என்றா பெரிய ரீச்சர். “இஞ்சை ஒரு விஞ்ஞான ஆசிரியரைத் தந்துபோட்டுப் பிறகு கேளுங்கோ, அவையின்ரை விருப்பம் என்ன எண்டு.”

உங்கள் மாமன் எழும்பி, “ரீச்சர் சொல்லுறதுதான் எங்கடை கதையும்,” என்றான். கதிரைக்குப் பயந்தவ என்று சொன்ன அதே வாய். நாங்களும் எழும்பினோம். அந்த அதிகாரி தேநீர் குடித்துவிட்டு, கடல் கொந்தளிக்கும் முன் போய்விட வேண்டும் என்று அவசரமாக இறங்குதுறைக்குப் போனார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. படகில் ஏற வழியில்லாத பிள்ளைகள் அதோடு வலைக்கும் வயலுக்கும் போனார்கள். அவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. இப்போதும் என்னிடம்தான் அரிசி வாங்க வருகிறார்கள்.

பெரிய ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்று சங்கக்கடைக்கு வந்து, சேலைத் தலைப்பில் சுற்றியிருந்த அந்த இரும்பாணியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தா.

“இது இஞ்சை கிடக்கட்டும். இனிப் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடை பூட்டிப் போடும். படகு வாறது பின்னேரம். கடை திறந்திருக்கும்தானே?”

“ஓம் ரீச்சர்.”

“மறக்காதையும். எனக்கு அங்கை நித்திரை வராது.”

படகில் ஏறி, நடுப்பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினா. அன்றைக்கு யாரும் பகிடி பண்ணவில்லை.

உங்கள் அக்கா இன்று மன்னாரில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஊருக்கு மாறி வரலாம் என்றால், அவள் படிப்பிக்க இங்கே வகுப்பு இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு காலையும் அதே படகில் போகிறீர்கள். கடலோடு இப்போது வேறு பயங்களும் சேர்ந்திருக்கின்றன. அக்கரை இறங்குதுறையில் துப்பாக்கி பிடித்தவர்கள் நிற்கிறார்களாம், பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்க்கிறார்களாம். நீங்கள் எனக்குச் சொல்லாமல் மறைத்தாலும் கடைக்கு வருகிறவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பயங்களுக்கு அடிக்க என்னிடம் மணி ஒன்றும் இல்லை. கடலுக்கு மட்டும் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடை வாசல் இருண்டு வருகிறது. மத்தியானம் நல்ல வெயில் எறித்தது. வடகிழக்கில் கறுத்திருக்கிறது. முதல் கம்பு தெரிகிறது, இரண்டாவது தெரியவில்லை. ஆணி தராசுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. நான் எழும்பிப் போகிறேன். மிச்சத்தை நீங்கள் வந்து தலையைத் துடைத்த பிறகு எழுதலாம்.